மாணவர் ஆக்கங்களும் திறந்த உரிமத் தேர்வும்: உத்திரமேரூரைக் களமாகக் கொள்ளும் ஆய்வேட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரித் தமிழ்த்துறைகளில் ஆண்டுதோறும் எழுதப்படும் மாணவர் ஆய்வேடுகளை இணையத்தில் பொதுப் பயன்பாட்டிற்கு வழங்க முனையும்போது, எந்தத் திறந்த உரிமத்தைத் தேர்வது என்னும் வினா எழுகிறது. உரிமம் வழங்கும் தகுதி யாருக்கு உண்டு என்னும் வினாவிற்கு அதற்கு முன்பே விடை காணவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கள ஆய்வேடு ஒன்றில் மூலம், தகவலாளர், மாணவர் என்னும் மூன்று உரிமை அடுக்குகள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிந்த பின்னரே உரிமம் இடவேண்டும் என்பதும், மாணவரே எழுதிய பகுதிக்குப் 'பெயர் சுட்டல் – அவ்வாறே பகிர்தல்' உரிமம் பெரும்பாலும் பொருந்தும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிம விதிகள், தமிழ் நூலாக்க மரபு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திறந்த உரிமம், பதிப்புரிமை, மாணவர் ஆய்வேடு, தகவலாளர், வழிநூல், உத்திரமேரூர்.

முன்னுரை

இளங்கலை, முதுகலை இறுதியாண்டு மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகள் மதிப்பெண் வழங்கப்பட்டதும் துறை நிலைப்பேழைக்குள் சென்றுவிடுகின்றன. அவற்றுள் பல, வட்டார வழக்குச் சொற்களையும் ஊர் வரலாற்றையும் வாய்மொழிப் பாடல்களையும் முதன்முறையாக எழுத்தில் பதிந்தவை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் சிற்றூர் மாணவருக்கு அதுவே தம் பெயர் தாங்கிய முதல் நூலாகவும், சில வேளைகளில் ஒரே நூலாகவும் அமைகிறது. எனவே இவற்றை இணையத்தில் ஏற்றவேண்டும் என்னும் விருப்பம் இயல்பானது.

தமிழ் இணையத்தில் பகிர்வு மரபு புதிதன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி உலகெங்கும் இலவசமாக வழங்கியது. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா, எழுதுவோர் அனைவரும் திறந்த உரிமத்தின்கீழ் எழுதும் களமாயிற்று. 2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுடன் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசு தமிழ் விக்கிப்பீடியாவுடன் இணைந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தியது. தமிழகத்தில் மாணவர் எழுத்து பெருமளவில் திறந்த உரிமத்தின்கீழ் வந்ததற்கு இது குறிப்பிடத்தக்க முன்னிகழ்வு. ஆயினும் போட்டியில் கலந்துகொள்வது மாணவரின் விருப்பம். ஆய்வேடு எழுதுவதோ பாடத்திட்டத்தின் கட்டாயம். கட்டாயத்தின்பேரில் எழுதப்பட்ட ஒன்றை விருப்பத்தின்பேரில் வழங்கப்பட்டதாகக் கொள்ள இயலுமா என்பதே ஆய்வேட்டு உரிமத் தேர்வின் அடிப்படைச் சிக்கல்.

1. ஆக்கத்தின் உரிமையாளர்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில், ஆக்கியோனையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. பணி ஒப்பந்தத்தின்கீழ் ஊழியர் எழுதியன, அரசின் ஆக்கங்கள் முதலியன இதற்கு விலக்குகள். மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்லர். அரசுக் கல்லூரியில் பயில்வதால் அவருடைய ஆய்வேடு அரசின் ஆக்கமாகிவிடுவதும் இல்லை. நெறியாளர் தலைப்பு வழங்குதலும் பிழை திருத்துதலும் அவரை இணையாசிரியராக்குவதில்லை. ஆகவே ஆய்வேட்டின் பதிப்புரிமை மாணவரிடமே உள்ளது. துறைத்தலைவரோ முதல்வரோ மாணவரைக் கேளாமல் அதற்குத் திறந்த உரிமம் இட இயலாது.

'ஆய்வேட்டின் எல்லா உரிமையும் கல்லூரிக்கே' என்று ஒரு வரியில் எழுதி வாங்குவதும் இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை. உரிமை மாற்றத்திற்குக் காலவரையறை குறிக்கப்படவில்லையெனில் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும் என்றும், எல்லை குறிக்கப்படவில்லையெனில் இந்தியாவிற்குள் மட்டுமே செல்லும் என்றும் 19ஆம் பிரிவு கூறுகிறது. பெற்ற உரிமையை ஓராண்டிற்குள் பயன்படுத்தாவிடில், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், அது காலாவதியாகும் என்பதும் அப்பிரிவின் விதி. திறந்த உரிமமோ உலகு தழுவியது. பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதும் செல்வது. ஐந்தாண்டுக்கு இந்தியாவிற்குள் மட்டும் பெற்ற ஒன்றை, உலகனைத்திற்கும் எக்காலத்திற்கும் வழங்குதல் பொருந்தாது. பேழைக்குள் ஓராண்டு கிடந்த ஆய்வேட்டின்மீது அவ்வரியின் வலிமையும் ஐயத்திற்குரியது.

உரிமம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும் என்று 30ஆம் பிரிவு கூறுகிறது. எனவே மாணவர் தாமே உரிமத்தைத் தேர்ந்து, அதன் பெயரையும் பதிப்பெண்ணையும் குறித்துக் கையொப்பமிடும் ஒரு தாள் இன்றியமையாதது.

2. ஓர் ஆய்வேட்டின் மூன்று அடுக்குகள்

உத்திரமேரூரைக் களமாகக் கொண்டு 'கல்வெட்டில் ஏரி வாரியமும் இன்றைய பாசன வழக்குச் சொற்களும்' என்னும் தலைப்பில் ஒரு மாணவர் ஆய்வேடு எழுதுவதாகக் கொள்வோம். அதில் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுப் பாடம், முந்தைய ஆய்வாளர் கருத்துகள், உழவர்களிடம் திரட்டிய மதகு, மடை, கலங்கல், தாங்கல் முதலிய சொற்களின் பொருள் விளக்கம், நடவுப் பாடல்களின் ஒலிப்பதிவு, மாணவரின் ஒப்பாய்வு ஆகியன இடம்பெறும். இவை ஒரே கட்டுக்குள் இருப்பினும் ஒரே உரிமைக்கு உட்பட்டவை அல்ல.

2.1 மூல அடுக்கு

முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைப்பன. முப்பது குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய வாரியங்கள், உறுப்பினர்க்குரிய தகுதிகள் ஆகியன அவற்றில் கூறப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய இப்பாடம் எவருடைய பதிப்புரிமைக்கும் உட்பட்டதன்று. வெ. வெங்கய்யா 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் வெளியிட்ட ஆய்வும் காலம் கடந்து பொதுவுடைமையாகிவிட்டது.

பின்வந்த நூல்களின் நிலை வேறு. பிரான்சுவா குரோ, இரா. நாகசாமி ஆகியோர் எழுதி 1970இல் புதுச்சேரியில் வெளிவந்த உத்திரமேரூர் பற்றிய நூல் இன்றும் பதிப்புரிமைக்குட்பட்டது. இணையாசிரியர் நூலுக்கு, இருவரில் பின்னர் மறைந்தவரின் மறைவுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் கணக்கிடப்படும். நாகசாமி 2022இல் மறைந்தமையால் அவ்வுரிமை 2082 முடியச் செல்லும். அந்நூலின் வரைபடத்தையோ ஒளிப்படத்தையோ மாணவர் ஆய்வேட்டில் சேர்க்கலாம். கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் படியெடுப்பதற்கு 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக ஒளிப்படி வழக்கில் 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இவ்விலக்கினை விரிவாகவே பொருள்கொண்டது. ஆனால் வகுப்பறைக்கு உரிய விலக்கு, அப்படத்திற்குத் திறந்த உரிமம் வழங்கும் அதிகாரம் ஆகாது. தமக்கு உரிமையில்லாத பொருளைப் பிறருக்கு வழங்க எவராலும் இயலாது.

2.2 தகவலாளர் அடுக்கு

ஆய்வேடுகளில் பெரிதும் புறக்கணிக்கப்படும் அடுக்கு இது. நடவுப் பாடலோ ஒப்பாரியோ மரபுவழி வருவதால் அதன் பாடலடிகளுக்குத் தனி ஆசிரியர் இல்லை எனலாம். ஆயின் பாடிய குரல் ஒருவருக்கு உரியது. நிகழ்த்துநர் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவு முதலாக வரையறுக்கிறது. நிகழ்த்தியவரின் பெயர் சுட்டப்படுதலும், அவர் புகழுக்கு ஊறு நேரும் வகையில் நிகழ்த்துதல் திரிக்கப்படாமையும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உரிமைகளாயின.

உண்மையான கற்பித்தலுக்காகவோ ஆய்வுக்காகவோ மட்டும் ஒலிப்பதிவு செய்தல் உரிமை மீறல் ஆகாது என்று 39ஆம் பிரிவு கூறுகிறது. கள ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஊருக்குள் செல்வதற்குச் சட்டம் தரும் இடம் இதுவே. ஆய்வுக்கு மட்டும் எனப் பதிந்த குரலை, எவரும் எப்பயனுக்கும் கொள்ளலாம் என இணையத்தில் இடும்போது அவ்விலக்கின் எல்லை கடக்கப்படுகிறது. தம் கணவருக்காகப் பாடிய ஒப்பாரியை ஒரு மூதாட்டி மாணவரிடம் பாடிக்காட்டியது, அம்மாணவரின் படிப்புக்கு உதவும் பரிவினால் ஆகும். அக்குரல் திரையிசைக்குள் துணுக்காகச் சேர்க்கப்படலாம் என்பதை அறிந்து அவர் இசைந்தார் எனக் கொள்ள இயலாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும் உரிமம் வழங்குபவரின் உரிமைகளையே கையாள்கின்றன; மூன்றாமவரின் அந்தரங்க உரிமையையோ நிகழ்த்துநர் உரிமையையோ அவை பெற்றுத் தருவதில்லை.

சொல் திரட்டிலும் கவனம் வேண்டும். 'கலங்கல்' என்னும் சொல்லுக்கு ஓர் உழவர் கூறிய பொருள் பொதுவில் வைக்கத்தக்கது. எந்த மதகை யார் இரவில் திறந்தார் என்று அதே உரையாடலில் அவர் கூறிய செய்தி அவ்வாறன்று. அது அவர் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் இணையத்தில் நிலைபெற்றால், மாணவர் பட்டம் பெற்றுச் சென்ற பின்னரும் அவர் அவ்வூரிலேயே வாழவேண்டியிருக்கும்.

2.3 மாணவர் அடுக்கு

சொற்களைத் திரட்டி வகைப்படுத்தியமை, கல்வெட்டுச் சொல்லோடு இன்றைய வழக்கை ஒப்பிட்டமை, எடுத்த ஒளிப்படங்கள், வரைந்த படங்கள், எழுதிய உரைநடை ஆகியன மாணவருக்கே உரியன. தனிச்சொற்களும் வரலாற்று உண்மைகளும் எவருக்கும் உடைமையல்ல. அவற்றை வெளிப்படுத்திய வடிவமே பதிப்புரிமை பெறுகிறது. திறந்த உரிமம் இடத்தக்க பகுதி இதுவே.

3. உரிம வகைகளும் வழிநூல் மரபும்

2002 டிசம்பரில் முதன்முதலாக வெளியிடப்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், 2013 நவம்பரில் 4.0 என்னும் பதிப்பை அடைந்தன. பெயர் சுட்டல், அவ்வாறே பகிர்தல், வணிகமின்மை, மாற்றமின்மை என்னும் நான்கு கூறுகளின் சேர்க்கையால் ஆறு உரிமங்கள் அமைகின்றன. ஆறிலும் பெயர் சுட்டல் பொதுவானது. இவற்றிற்கு அப்பால், எவ்வகை நிபந்தனையும் இன்றி அனைத்தையும் துறக்கும் 'சுழியம்' என்னும் அறிவிப்பும் உண்டு.

இக்கூறுகளைத் தமிழ் மாணவருக்கு விளக்க நம் இலக்கண மரபே துணைசெய்யும். நூலை முதல், வழி எனப் பகுக்கும் தொல்காப்பிய மரபியல், வழிநூலாக்கத்தைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. மாற்றமின்மைக் கூறு இந்நான்கினையும் தடுப்பது. அக்கூறுடைய ஆய்வேட்டைச் சுருக்கிப் பள்ளிப் பாடமாக்கவோ, மேலும் சொற்களைச் சேர்த்து விரிக்கவோ, தெலுங்கிற்கோ ஆங்கிலத்திற்கோ பெயர்த்து வெளியிடவோ தனி இசைவு வேண்டும். ஆய்வு வளரும் வழிகள் இவையே ஆதலின், ஆய்வேட்டிற்கு மாற்றமின்மை பொருந்தாது. தம் சொல்லமைப்பு மாறக்கூடாது எனக் கருதும் கவிதை, சிறுகதை ஆசிரியருக்கு அது பொருந்தலாம்.

பெயர் சுட்டலுக்கும் இணையான மரபு உண்டு. நன்னூல் சிறப்புப்பாயிரத்தின் எட்டு இலக்கணங்களுள் ஆக்கியோன் பெயரை முதலிலும் நூல் வந்த வழியை அடுத்தும் வைக்கிறது. திறந்த உரிமத்தின்கீழ் ஒன்றைப் பயன்படுத்துபவர் ஆக்கியவர் பெயர், மூல இடம், உரிமத்தின் பெயர், செய்த மாற்றம் ஆகியவற்றைச் சுட்டவேண்டும் என்பதும் இதையொத்த கடப்பாடு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பாயிரம் புலமை மரபின் ஒழுங்கு. உரிமம் சட்டத்தால் நிலைநாட்டத்தக்க நிபந்தனை. 'சுழியம்' இக்கடப்பாட்டையும் நீக்கிவிடுவதால் மாணவர் ஆக்கங்களுக்கு ஏற்றதன்று. நாட்டுடைமையாக்கத்தில் நூலாசிரியரின் மரபுரிமையர்க்கு அரசு பரிவுத்தொகை வழங்குகிறது. மாணவருக்குக் கிடைக்கும் கைம்மாறு அவர் பெயர் நிற்பது ஒன்றே.

4. வணிகமின்மையா, அவ்வாறே பகிர்தலா?

மாணவர்களும் ஆசிரியர்களும் இயல்பாகவே வணிகமின்மைக் கூறை நாடுவர். மாணவர் உழைப்பைத் துணைநூல் வெளியீட்டாளர் விற்றுப் பொருளீட்டலாகாது என்னும் நியாயமான எண்ணமே காரணம். தேசிய அளவிலும் ஒருமித்த நிலை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறையை ஒட்டி முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்கா, வணிகமின்மையையும் அவ்வாறே பகிர்தலையும் இணைத்த உரிமத்தைக் கொண்டுள்ளது. 2013 ஆகத்தில் தொடங்கப்பட்ட திறந்த கல்வி வளங்களுக்கான தேசியக் களஞ்சியமோ, வணிகத் தடையற்ற 'பெயர் சுட்டல் – அவ்வாறே பகிர்தல்' உரிமத்தை ஏற்றது.

இரண்டின் விளைவுகளையும் நோக்கவேண்டும். வணிகமின்மை இட்ட ஆய்வேட்டின் பத்திகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்க இயலாது. அங்குள்ள உரிமம் வணிகப் பயன்பாட்டிற்கும் இடமளிப்பது. காஞ்சிபுரத்தின் சிறு அச்சகம் ஒன்று அதை நூலாக்கி அடக்கவிலைக்குச் சற்று மேல் விற்பதும் ஐயத்திற்குரியதாகும். பெருநிறுவனம் வழக்குரைஞரைக் கொண்டு மாணவரிடம் தனி இசைவு பெற்றுக்கொள்ளும். சிறு பதிப்பாளரும் ஊர் நூலகமும் அஞ்சி ஒதுங்குவர். ஆகவே இத்தடை யாரை நோக்கி இடப்பட்டதோ அவரைவிட எளியவரையே மிகுதியும் தடுக்கிறது.

அவ்வாறே பகிர்தல் வேறு வகையில் காப்பளிக்கிறது. ஆய்வேட்டை மாற்றியமைத்து வெளியிடுபவர், அவ்வழிநூலையும் அதே உரிமத்தின்கீழ் வழங்கவேண்டும். துணைநூல் வெளியீட்டாளர் விற்கலாம். ஆனால் பூட்டிவைக்க இயலாது. மாணவர் பெயரை நீக்கவும் இயலாது. அறிவு வளர்வதும் பெயர் நிலைப்பதும் ஒருங்கே நிகழ்வதால் இதுவே ஆய்வேட்டிற்கு ஏற்றது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. தம் ஆய்வேட்டை விரித்து விரைவில் நூலாக வெளியிட எண்ணும் மாணவருக்கு, பிறரும் அதை அச்சிடலாம் என்பது இழப்பாகலாம். அத்தகையோர் நூல் வெளிவரும்வரை காத்திருப்பதோ, ஆய்வுச் சுருக்கத்திற்கும் சொல்லடைவிற்கும் மட்டும் உரிமம் இடுவதோ தகும். உரிமம் இடாமையும் ஒரு தேர்வே என்பதை மாணவருக்குச் சொல்லவேண்டும்.

5. மீளப் பெற இயலாமை: வயதும் ஒப்புதலும்

ஒருமுறை வழங்கிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. மாணவர் தம் படியை இணையத்திலிருந்து நீக்கலாம். முன்பே பெற்றவர், நிபந்தனைகளைப் பின்பற்றும்வரை, தொடர்ந்து பயன்படுத்தலாம். 4.0 பதிப்பில், தம் பெயரைச் சுட்டவேண்டா எனப் பின்னாளில் மாணவர் கேட்டால், இயன்றவரை பெயரை நீக்கவேண்டும் என்னும் விதி உண்டு. பிழை மலிந்த இளமைக்கால எழுத்தினின்று விலக விரும்புவோருக்கு இது ஓரளவு துணை.

மீளப் பெற இயலாத ஒன்றை வழங்குபவர் அதை அறிந்து வழங்கத்தக்க வயதினராதல் வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவரும் பதிப்புரிமை உடையவராகலாம். ஆனால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி அற்றவர். அவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இல் பிரிவி கவுன்சில் வழங்கிய மோகரி பீபி வழக்குத் தீர்ப்பால் உறுதிப்பட்டது. மேனிலைப் பள்ளி மாணவர் பலரும் கல்லூரி முதலாண்டு மாணவர் சிலரும் இவ்வயதினர். அவர்களின் ஆக்கத்தைப் பெற்றோர் இசைவுடன் வகுப்பளவில் பகிர்ந்து, வயது நிறைந்தபின் அவர்களிடமே உரிமத்தைக் கேட்டுப் பெறுதல் பாதுகாப்பான வழி.

இங்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. வாரிய உறுப்பினர் 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும் என்று விதித்த சபை, குடத்திலிருந்து ஓலை எடுக்க ஏதுமறியாச் சிறுவன் ஒருவனையே அழைத்தது. அவன் கை ஓலையை எடுத்தது. முடிவு அவனுடையதாகக் கருதப்படவில்லை. இணையப் பக்கத்தின் கட்டத்தில் குறியிடும் மாணவரின் கையும் அவ்வாறு வெறுங்கருவியாகிவிடலாகாது. ஓலை எடுப்பதற்கு அறியாமை தகுதி. உரிமம் வழங்குவதற்கு அறிவே தகுதி.

6. நடைமுறைப்படுத்தும் முறை

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் தமிழ்த்துறைகள் பின்வரும் ஒழுங்கினைக் கொள்ளலாம்.

1. உரிமத் தாள் மதிப்பெண் வெளியான பின்னரே வழங்கப்படுதல் வேண்டும். அதனை நெறியாளர் அன்றி நூலகர் பெறுதல் நலம்.

2. களப்பணிக்கு முன்பே தகவலாளருக்குரிய ஒப்புதல் கேட்கப்படுதல் வேண்டும். ஆய்வேட்டில் எழுதலாம், பெயர் குறிக்கலாம், குரலை இணையத்தில் இடலாம் என மூன்று இசைவுகளையும் தனித்தனியே கேட்கவேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவரிடம் வாய்மொழியாக விளக்கி, இசைவையும் ஒலிப்பதிவு செய்யலாம்.

3. பிறர் நூற்படங்கள் நீக்கப்பட்ட இணையப்படி தனியே ஆயத்தம் செய்யப்படுதல் வேண்டும்.

4. உரிமக் குறிப்பு முதற்பக்கத்தில் அடுக்குவாரியாக அமைதல் வேண்டும். அதன் மாதிரி: 'இவ்வாய்வேட்டில் மாணவர் எழுதிய பகுதிகளும் எடுத்த ஒளிப்படங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் சுட்டல் – அவ்வாறே பகிர்தல் 4.0 உரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றன. கல்வெட்டுப் பாடம் பொதுவுடைமை. மேற்கோள்கள் அவ்வவ் உரிமையாளருக்கு உரியன. ஒலிப்பதிவுகள் இவ்வுரிமத்தில் அடங்கா.'

5. இசைந்த தகவலாளர் பெயர்கள் நன்றியுரையில் மட்டுமன்றி ஆக்கியோர் விவரத்தை அடுத்தும் இடம்பெறுதல் வேண்டும். ஏடு தந்துதவியோரின் பெயர்களைத் தம் பதிப்பு முன்னுரைகளில் நிரல்படத் தந்த உ.வே. சாமிநாதையரின் பதிப்புநெறி இதற்கு முன்மாதிரி.

முடிவுரை

மாணவர் ஆய்வேடுகளைத் திறந்த உரிமத்தின்கீழ் வழங்குதல் விரும்பத்தக்கது. ஆயினும் நிறுவனம் ஒரே குறியால் எல்லா ஆய்வேடுகளுக்கும் எல்லாப் பகுதிகளுக்கும் உரிமமிடுதல் சட்டத்தாலும் அறத்தாலும் பொருந்தாது. மூலப் பகுதியின் நிலை கண்டு சுட்டத்தக்கது. தகவலாளர் பகுதி அவர் இசைவின் அளவிற்கே வெளியிடத்தக்கது. மாணவர் பகுதியே உரிமம் பெறத்தக்கது. அப்பகுதிக்குப் பெயர் சுட்டலும் அவ்வாறே பகிர்தலும் இணைந்த உரிமம், ஆய்வு வளர்ச்சிக்கும் மாணவர் பெயர் நிலைபேற்றிற்கும் ஒருங்கே துணைசெய்கிறது. உரிமச் சட்டத்தின் அடிப்படைகளையும் தகவலாளர் ஒப்புதல் நெறியையும் ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் ஓர் அலகாகச் சேர்த்தால், மாணவர் களத்திற்குச் செல்லும் முன்பே இவற்றை அறிவர். பழைய ஆய்வேடுகளைப் பொறுத்தவரை, அவற்றை எழுதிய முன்னாள் மாணவர்களைத் தேடிக் கண்டு இசைவு கேட்பதே துறைகள் உடனடியாகத் தொடங்கத்தக்க பணியாகும்.